கிடைத்ததா எனும் கேள்வி: வரி விவரத்திரட்டும் நிரூபிக்கும் பொறுப்பும்

வரியைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர், பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன யானை உவமையை முதற்கண் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. அப்பாடல் எழுப்பும் கேள்வி, குடிகளிடமிருந்து அரசு எவ்வளவு கொள்ளலாம், எம்முறையிற் கொள்ளலாம் என்பதாகும். 2023ஆம் ஆண்டிற் பல்கலைக்கழக ஆசிரியர்கள் புதிய வருமானவரி விகிதங்களை எதிர்த்து விரிவுரைகளைப் பகிஷ்கரித்தபோது எழுந்ததும் இதே கேள்விதான். விகிதம் பற்றிய வாதம் அவசியமானது; அதனை இங்கு மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வாதத்தின் பேரொலியில் வேறொரு கேள்வி கேட்பாரற்றுப் போய்விட்டது. குடிமகன் ஒருவன் தன் வருமானத்தைக் கணக்கிட்டு, கையொப்பமிட்டு, உரிய நாளுக்கு முன்னரே அனுப்பிவைத்த விவரத்திரட்டு அரசின் கைக்குக் கிடைத்ததா இல்லையா என்பதை அவன் எவ்வாறு அறிவது? கிடைக்கவில்லை என்று அரசு சொல்லுமாயின், கிடைத்தது என்று நிரூபிக்கும் பாரம் யார் தலையில் விழுகின்றது?

அனுப்பியவன் தலையில் விழுகின்றது என்பதே நடைமுறை தரும் விடை. வழக்கறிஞர்கள் இதனை இயல்பானதென்பர். கணக்காளர்கள் தம் வாடிக்கையாளரிடம் பதிவுத்தபாற் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லி அத்துடன் நிறுத்திக்கொள்வர். அதிகாரிகளோ இதிற் கேள்விக்கு இடமிருப்பதாகவே கருதுவதில்லை. இம்மூவகையினரும் தவறிழைக்கின்றனர். ஒரு பத்திரத்தை ஒரு குறித்த நாளுக்குள் தரவேண்டுமென்று தண்டனையின் பேரிற் கட்டளையிடும் அரசு, அது வந்துசேர்ந்தவுடன் எழுத்திலே சான்று தரவும் கடமைப்பட்டது. அச்சான்றைத் தராதவிடத்து, பத்திரம் வரவில்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பையும் அரசே ஏற்றல் வேண்டும்.

இது எழுதுவினைஞர் மட்டத்துச் சில்லறை விடயம் என்று எண்ணுவோர், இதனால் நேரும் நட்டத்தை முதலிற் கணக்கிடல் நன்று. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஏப்பிரல் 1இல் தொடங்கி மறு ஆண்டு மார்ச் 31இல் முடியும் மதிப்பீட்டு ஆண்டுக்குரிய விவரத்திரட்டு, அதனை அடுத்து வரும் நவம்பர் 30ஆம் நாளுக்குள் சேர்ப்பிக்கப்படல் வேண்டும். தவறியவருக்கு விதிக்கத்தக்க தண்டம் இருவகையாகக் கணிக்கப்படுகின்றது. செலுத்தவேண்டிய வரியில் நூற்றுக்கு 5 வீதமும் மாதந்தோறும் மேலும் 1 வீதமும் என்பது ஒன்று. 50,000 ரூபாவும் மாதந்தோறும் மேலும் 10,000 ரூபாவும் என்பது மற்றொன்று. இரண்டனுள் எது கூடியதோ அதுவே அறவிடப்படும். உச்ச எல்லை 400,000 ரூபா. இரண்டாவது கணிப்பு முறையைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். வரியாக ஒரு சதமேனும் செலுத்த வேண்டியிராத ஒருவரும், அவரது பத்திரம் கிடைக்கவில்லை என்று பதியப்பட்டால், 50,000 ரூபாவுக்குப் பதில் சொல்லும் நிலைக்கு ஆளாகலாம். பத்திரத்தின் உள்ளடக்கம் பிழையென்பதற்காக விதிக்கப்படும் தண்டமன்று இது. பத்திரம் கண்ணிற் படவில்லை என்பதற்கான தண்டம்.

தண்டத்தோடும் இது முடிவதில்லை. விவரத்திரட்டுத் தராதவருடைய வருமானத்தைத் திணைக்களம் தன் மதிப்பிற் கணித்து வரி விதிக்கலாம். அவ்வாறு விதித்தபின், மதிப்பு மிகையானது என்று காட்டும் சுமையும் அவருடையதே. மேலும், திணைக்களம் ஒருவரது கணக்கைத் திரும்ப ஆராய்ந்து கூடுதல் வரி கேட்பதற்குச் சட்டம் கால எல்லை வகுக்கும்போது, அக்காலம் விவரத்திரட்டுக் கொடுக்கப்பட்டதைக் கொண்டே எண்ணப்படுவது வரிச்சட்டங்களின் பொது இயல்பாகும். ஐக்கிய அமெரிக்காவின் மத்திய வருமானவரிச் சட்டம் இதனை மிகத் தெளிவாகச் சொல்கின்றது: விவரத்திரட்டுக் கொடுத்தவரின் கணக்கைப் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் ஆராய்ந்து முடித்தல் வேண்டும், கொடாதவருக்கு எதிராகவோ கால எல்லையே இல்லை. ஆக, அலமாரி ஒன்றில் ஒரு கடிதவுறை தவறிப்போனால், கணக்கொப்புவித்த ஒருவர் வாழ்நாள் முழுவதும் கணக்கொப்புவிக்காதவராகவே நின்றுவிடலாம்.

இதற்கு மறுதலையாக, அரசு குடிமகனுக்கு அனுப்பும் கடிதங்கள் எவ்வாறு கருதப்பட்டு வந்தன என்று பார்த்தல் பொருத்தமானது. 1932ஆம் ஆண்டின் வருமானவரிக் கட்டளைச் சட்டத்துடன் இலங்கையில் வருமானவரி தொடங்குகின்றது. அதன்பின் வந்த சட்டங்களுள் 2006ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தை எடுத்துக்கொண்டால், திணைக்களம் தபாலில் அனுப்பும் அறிவித்தல், சாதாரண தபாலோட்டத்தில் எந்நாள் கிடைத்திருக்குமோ அதற்கு அடுத்த நாளே சேர்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்னும் விதி அதில் இருந்தது. தபாற்காரர் நோயுற்றாரா, வீடு பூட்டியிருந்ததா, பெருவெள்ளத்திற் கடிதம் போயிற்றா என்பன அவ்விதியின் தொடக்கத்திற் கேட்கப்படுவதில்லை. அரசு தபாற்பெட்டியிற் போட்ட கடிதம் கிடைத்த கடிதம் எனக் கருதப்படும். அதே தபாற்பெட்டியிற் குடிமகன் போட்ட கடிதமோ, கந்தோர்ப் பதிவேட்டில் ஏறும்வரை போடப்படாத கடிதமே. தபால் சேவை ஒன்றுதான். நம்பிக்கை மட்டும் அனுப்புபவரைப் பொறுத்து மாறுகின்றது. இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தும் கொள்கை எதுவும் எந்தச் சட்ட நூலிலும் இருத்தல் முடியாது. வலியவன் எழுதிய விதி என்பதைத் தவிர வேறு விளக்கம் அதற்கு இல்லை.

வரி கொள்பவன் வரி கொடுத்தவனுக்குச் சான்று தருதல் நவீன காலத்துப் புதுக் கோரிக்கை என்றும் எண்ணிவிடலாகாது. இங்கிலாந்தின் அரச கருவூலத்தில் மத்திய காலந்தொட்டு வழங்கிய கணக்குக் கோல்களை இங்கு நினைவுகூரலாம். செலுத்திய தொகையைக் குறிக்கும் வெட்டுக்கள் ஒரு மரக்கோலிற் செதுக்கப்படும். பின்னர் அக்கோல் நீளவாட்டில் இரண்டாகப் பிளக்கப்பட்டு, ஒரு பாதி கருவூலத்திலும் மறு பாதி பணம் செலுத்தியவரிடமும் இருக்கும். பிணக்கு எழுந்தால் இரு பாதிகளையும் ஒட்டிப் பார்ப்பர். ஒரே மரத்தின் இழைகள் பொருந்தாவிடின் பொய் வெளிப்படும். எழுத்தறியாதவரும் அக்கோலைக் கையில் ஏந்திக்கொண்டு கருவூலத்தின் முன் நிற்க முடிந்தது. 1826இல் அம்முறை கைவிடப்பட்டது. எஞ்சிய கோல்களை 1834 ஒக்ரோபர் 16ஆம் நாள் பாராளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் இட்டு எரித்தபோது அக்கட்டடமே தீப்பற்றி அழிந்தது யாவரும் அறிந்த வரலாறு. அத்தீயிற் போன கட்டடத்தைத் திரும்பக் கட்டினர். கோலின் மறு பாதியைக் குடிமகன் கையிற் கொடுக்கும் வழக்கமோ விவரத்திரட்டின் காலத்தில் முழுமையாகத் திரும்பி வரவில்லை.

தமிழ் மரபிலும் இதற்கு ஒத்தது ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் 'துறை' என்று சொல்லப்படுவதை இலங்கையில் 'திணைக்களம்' என்கின்றோர், அச்சொல் சோழர் கல்வெட்டுக்களிலே வரி நிருவாகத்தோடு ஒட்டி வழங்கியதென்பதைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். புரவுவரித் திணைக்களம் என்பது அக்கால இறைவரிக் கந்தோர். இராசராசன் நாகபட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கிய செப்பேட்டில், அரச ஆணை பிறந்தது முதல் அது வரிக்கணக்கில் ஏறியது வரை எத்தனை கைகளைக் கடந்தது என்பதும், அவ்வப் படியில் நின்ற அலுவலர் இன்னார் என்பதும் பெயர் சுட்டி எழுதப்பட்டுள்ளன. அது கொடை பெற்றோருக்கான ஆவணமே தவிர, நிலத்தை உழுதவனுக்கு அளித்த பற்றுச்சீட்டு அன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சோழ அரசைக் குடியாட்சியென்று புனைந்துரைப்பதற்கு அதைச் சான்றாக்குதல் வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். இங்கு வேண்டப்படுவது அதிலுள்ள ஒரே ஒரு செய்தி: கணக்கில் ஏற்றியவன் தன் பெயரை எழுதினான். இன்றைய கந்தோரில் ஒரு பத்திரம் காணாமற் போனால், அதனைக் கடைசியாகக் கையில் வைத்திருந்தவர் யாரென்று கேட்கும் குடிமகனுக்கு எந்தப் பெயரும் கிடைப்பதில்லை.

இது வளர்முக நாட்டுக் கந்தோர்களின் ஒழுங்கீனத்தால் விளைவது, முன்னேறிய நாடுகளில் இத்தகைய இடர்ப்பாடு இராது என்பாரும் உளர். ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இக்கூற்றைப் பொய்யாக்குகின்றது. அந்நாட்டிற் பெரும்பாலானோர் இரண்டு விவரத்திரட்டுக்களைக் கொடுக்கின்றனர்; ஒன்று மத்திய அரசுக்கு, மற்றொன்று மாநில அரசுக்கு. 1911இல் விஸ்கொன்சின் மாநிலம் வெற்றிகரமாகத் தொடங்கிய வருமானவரியைப் பிற மாநிலங்கள் பலவும் பின்பற்றின. மாநிலத்துக்கு அனுப்பிய விவரத்திரட்டுக் கிடைத்ததா என்று அறிய விரும்புவோருக்கு இன்று அங்குள்ள பொதுவான வழி, 'மீளளிப்பு எங்கே' என்று விசாரிக்கும் இணைய வசதியாகும். தன் அடையாள எண்ணையும் தனக்கு வரவேண்டிய தொகையையும் பதிந்தால் நிலைமை தெரியவரும். பெயரே அதன் குறையைக் காட்டிவிடுகின்றது. அரசிடமிருந்து பணம் வரவேண்டியவருக்கு அது உதவும். அரசுக்குப் பணம் கட்டவேண்டியவர், தம் பத்திரம் சேர்ந்ததா என்று அதிற் காண இடமில்லை. கட்டிய பணம் வங்கிக் கணக்கிலிருந்து கழிந்ததா என்று பார்த்து ஊகிக்கவேண்டியதே. தாளில் எழுதித் தபாலில் அனுப்பியவர் எவராயினும், அது பிரித்துப் பதியப்படும்வரை வாரக்கணக்கிலும் சிலவேளை மாதக்கணக்கிலும் காத்திருத்தல் வேண்டும். அந்த இடைக்காலத்தில் அப்பத்திரம் அரசின் கட்டடத்துக்குள் இருக்கின்றது. அரசின் அறிவுக்குள் இல்லை.

அந்த இடைக்காலம் எத்தகைய ஆபத்துடையது என்பதற்கு மத்திய அரசின் வரிக் கந்தோரே சான்று. 1985இல் அதன் பிலடெல்பியா நிலையத்திற் குப்பைத் தொட்டிக்குள் வரிப்பத்திரங்கள் கண்டெடுக்கப்பட்டமை பெரும் அவதூறாயிற்று. 2020இல் நோய்த்தொற்றினாற் கந்தோர்கள் மூடப்பட்டபோது, பிரிக்கப்படாத தபால்கள் பாரவண்டிப் பெட்டிகளுக்குள் அடுக்கி வைக்கப்பட்டன. 2021 மார்ச் மாதத்தில், தொழில்தருநரும் வங்கிகளும் பிறரும் தாளில் அனுப்பியிருந்த தகவற் பத்திரங்கள் ஏறத்தாழ 3 கோடி, பதியப்படாமலே அழிக்கப்பட்டன. இதனை அடுத்த ஆண்டில் அரசின் கண்காணிப்புப் பிரிவின் அறிக்கையே வெளிப்படுத்திற்று. செல்வமும் கணினியும் மிகுந்த நாட்டில் நிகழ்ந்தவை இவை. இப்படிப்பட்ட கந்தோர், தன் பதிவேட்டில் இல்லையென்பதையே வரவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டும் உரிமையை எங்கிருந்து பெற்றது?

சட்டம் அந்த உரிமையைக் கொடுத்ததோடு நில்லாமல் இறுக்கியும் விட்டது. அந்நாட்டுத் தம்பதியர் ஒருவர் தொடுத்த வழக்கு இதற்கு எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 167,000 டொலர் மீளளிப்புக் கோரும் திருத்திய விவரத்திரட்டை அவர்கள் 2011 ஜூன் மாதத்திற் சாதாரண தபாலில் அனுப்பினர். இறுதி நாள் அவ்வாண்டு ஒக்ரோபர் 15. உரிய காலத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றது வரிக் கந்தோர். தபாலிற் சேர்த்த ஊழியர் இருவர் சாட்சியம் அளித்தனர். விசாரணை நீதிமன்றம் அவர்களை நம்பித் தம்பதியருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பைப் புரட்டியது. சாட்சிகள் பொய்யர் என்பதனாலன்று. பதிவுத்தபால் போன்ற குறிப்பிட்ட சான்றுகள் இல்லாதவிடத்து வேறு சாட்சியத்தால் சேர்ப்பித்ததை நிறுவலாகாது என்னும் ஒழுங்குவிதியின் காரணமாகவே. அவ்வொழுங்குவிதி இறுதி வடிவம் பெற்றது 2011 ஓகஸ்ட் மாதத்தில். தபாலிற் போட்டு இரண்டு மாதங்களின் பின் வெளிவந்த விதி, 2004 செப்தெம்பரின் பின் அனுப்பப்பட்ட பத்திரங்களுக்கெல்லாம் பொருந்துமெனப் பின்னோக்கி நீண்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது. விதியை ஆக்கியது வரி அறவிடும் அமைச்சு. பயன் அடைந்ததும் அதுவே. உண்மை நிகழ்ந்ததா என்று ஆராய்வதை விட்டு, உண்மையை எந்தத் துண்டில் எழுதிக் கொணர்ந்தாய் என்று கேட்கும் நீதியாக அது முடிந்தது.

இலங்கைச் சட்டத்தின் மரபு இதைவிட மனிதத் தன்மையுடையது என்பதை இங்கு வலியுறுத்தல் வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு ஆக்கப்பட்ட 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், அதன் 114ஆம் பிரிவில், காரியங்கள் வழமையான முறைப்படி நடந்தன என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்கின்றது. தபாலிற் சேர்த்ததாகக் காட்டப்பட்ட கடிதம் கிடைத்ததென ஊகிக்க இது இடமளிக்கின்றது. குழப்பங்களால் தபாலோட்டம் தடைப்பட்டிருந்தால் அந்த ஊகம் தளரும் என்னும் எடுத்துக்காட்டும் அம்மூலச் சட்டத்திலேயே உண்டு. தரைவழி அடைபட்டிருந்த போர்க்கால ஆண்டுகளில் வடபகுதித் தபால்கள் எவ்வாறு வந்துசேர்ந்தன என்பதை அறிந்தவர்க்கு, பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் எழுதிய அச்சிறு தொடர் வெறும் உதாரணமாகத் தோன்றாது. இதே பிரிவு இன்னுமொன்றையும் சொல்கின்றது: தன் வசமுள்ள சான்றை ஒருவர் காட்டாது விட்டால், காட்டியிருந்தால் அது அவருக்குப் பாதகமாய் இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். வரவுப் பதிவேடு யாரிடம் உள்ளது? உறையைப் பிரித்தவர் யாரென்னும் தகவல் எவர் வசம்? இவையெல்லாம் திணைக்களத்திடமே இருக்க, சான்று காட்டும்படி குடிமகனைக் கேட்பது இப்பிரிவின் கருத்துக்கே முரணானதாகும். மாக்ஸ் வெபர் பணிக்குழுவாட்சியை விளக்கும்போது எழுத்து ஆவணங்களே அதன் அடித்தளம் என்று கூறியதை அரசறிவியல் மாணவர் பரீட்சைதோறும் எழுதிவருகின்றனர். அந்த ஆவணங்கள் ஒரு தரப்பின் பூட்டுக்குள் மட்டும் இருக்கும்போது விளைவது யாது என்னும் வினா அப்பரீட்சைகளில் வருவதாகத் தெரியவில்லை.

இவ்வளவும் தாளும் தபாலும் ஆட்சி செய்த காலத்துக் கவலை, இன்று விவரத்திரட்டுக்கள் இணையவழிக்கு மாறிவிட்டன, அனுப்பிய கணமே எண் ஒன்று திரும்ப வந்துவிடும் என்பதே இன்று எழக்கூடிய வலுவான மறுப்பு. இதில் உண்மையுண்டு. இலத்திரனியல் முறை செம்மையாக இயங்குமிடத்து, கணக்குக் கோலின் மறு பாதியை அது குடிமகனிடம் திரும்பக் கொடுக்கின்றது. அதனை வரவேற்காதவர் பிடிவாதக்காரராகவே இருத்தல் வேண்டும். ஆனால் அந்த எண் எதற்குச் சான்று? செய்தி வந்தது என்பதற்கா, பத்திரம் ஏற்கப்பட்டது என்பதற்கா, இணைப்புகள் யாவும் முழுமையாகச் சேர்ந்தன என்பதற்கா? இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சட்டம் வரையறுத்துச் சொல்லாவிடின், எண் கையிலிருந்தும் பயனின்றிப் போகலாம். ஐக்கிய நாடுகள் சபையின் வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996இல் வெளியிட்ட மாதிரிச் சட்டம், இலத்திரனியற் செய்தி பெறுநரின் கணினி முறைமைக்குள் நுழையும்போதே பெறப்பட்டதாகும் என்று தெளிவுபடுத்தியது. பெற்றமைக்கான ஒப்புகை பற்றியும் அதில் ஏற்பாடு உண்டு. இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியற் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அந்த மாதிரியின் வழிவந்ததே. வர்த்தகர் இருவருக்கிடையே இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்த நாடு, குடிமகனுக்கும் வரிக் கந்தோருக்கும் இடையே அதே நுணுக்கத்தைக் காட்டாதிருத்தல் பொருந்துமா?

மேலும், திரும்பி வரும் எண் யாரிடம் வருகின்றது என்பதும் கேட்கப்பட வேண்டியது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்க. வாழ்நாட் சேமிப்பை வங்கியில் நிலையான வைப்பாக இட்டிருக்கின்றார். அதன் வட்டியில் 2023 தொடக்கம் நூற்றுக்கு 5 வீதமும், 2025 ஏப்பிரல் முதல் 10 வீதமும் வரியாக முற்கூட்டியே பிடிக்கப்படுகின்றது. வருடத்தில் 18 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருமானம் இல்லையாதலின் அவர் வரி செலுத்தவேண்டியவர் அல்லர். பிடிப்பதைத் தடுக்க வங்கியிற் பிரகடனம் கொடுக்க வழியுண்டு. அதை அறியாதவரும் காலந்தவறியவரும் பிடிக்கப்பட்ட பணத்தைத் திரும்பப் பெற விவரத்திரட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். அவரிடம் கணினி இல்லை. சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையத்து இளைஞன் அவருக்காகப் பத்திரத்தை நிரப்பி, தன் மின்னஞ்சல் முகவரியையே கொடுத்து அனுப்பிவிடுகின்றான். எண் அந்த இளைஞனுக்குப் போகின்றது. அவன் அடுத்த மாதம் வெளிநாடு சென்றுவிட்டால் ஆசிரியரின் சான்றும் அவனுடன் போய்விடும்.

இவ்வாசிரியரின் நிலை தண்டம் விதிக்கப்பட்டவரின் நிலையினும் இரங்கத்தக்கது என்பது பலருக்குப் புலப்படுவதில்லை. தண்டம் விதிக்கப்பட்டவருக்கு அறிவித்தலாவது வரும். அவர் விழித்துக்கொள்வார், முறையிடுவார், வழக்கறிஞரைத் தேடுவார். மீளளிப்பை எதிர்பார்த்திருப்பவரது பத்திரம் தொலைந்தால் ஒன்றுமே நிகழ்வதில்லை. கடிதம் வராது, எவரும் கேள்வி கேட்கமாட்டார், பணம் திறைசேரியிலே தங்கிவிடும். அரசு தன் கவனக்குறைவினால் இலாபமடையும் விசித்திர நிலை இது. அந்த இலாபத்துக்கு முடிவுகட்டும் அவசரம் அதனிடம் தானாகவே எழும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

அனுப்பாமலே அனுப்பினேன் என்று சாதிக்கும் பொய்யர்கள் இதனால் தப்பிவிடுவர் என்று திணைக்களத்தின் தரப்பிற் சொல்லப்படலாம். பொய்யர் இருப்பது மெய். எனினும், ஒவ்வொருவருக்கும் உடனுக்குடன் சான்று வழங்கப்படும் முறையிற் பொய்யனுக்கு நிற்க இடமேது? சான்று வரவில்லையே, ஏன் அப்போதே விசாரிக்கவில்லை என்று ஒரு வினாவில் அவனை மடக்கிவிடலாம். சான்று வழங்காத இன்றைய குழப்பமே அவனுக்கும் உண்மையாளனுக்கும் ஒரே முகத்தைக் கொடுக்கின்றது. செலவு மிகும் என்பது இன்னொரு நியாயம். உபதபாற் கந்தோரிற் பதிவுத்தபாலுக்குத் துண்டு கிடைக்கின்றது. கூட்டுறவுச் சங்கக் கடையில் ஒரு கொத்து அரிசிக்கும் பற்றுச்சீட்டு எழுதித் தருவர். பற்றுச்சீட்டுத் தர மறுக்கும் வழக்கம் தனியார் பேருந்து நடத்துநரிடமே பெரிதும் உண்டு; அவருடைய காரணம் என்னவென்பது பயணிகள் எல்லோருக்கும் தெரியும்.

செலவு பற்றிய நியாயத்தைப் பாராளுமன்றமே முன்னர் நிராகரித்துவிட்டது எனலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம், தகவல் கோரி விண்ணப்பம் கிடைத்தவுடன் அதற்கு எழுத்திலே ஒப்புகை வழங்குமாறு தகவல் அலுவலரைப் பணிக்கின்றது. 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்கும் கடமை தனியானது. அதற்கு முன்னரே ஒப்புகை தரப்படல் வேண்டும். கால எல்லையைக் கணக்கிட ஒரு தொடக்க நாள் தேவை, அந்நாளை அலுவலகத்தின் விருப்பத்துக்கு விடலாகாது என்னும் தெளிவு அச்சட்டத்தை ஆக்கியோரிடம் இருந்தது. அரசிடம் ஒரு கேள்வி கேட்கும் குடிமகனுக்கு உள்ள இவ்வுரிமை, அரசின் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுக்கும் குடிமகனுக்கும் அதே உறுதியுடன் வழங்கப்படாதது ஏன்?

அவ்வொப்புகையின் மொழியும் ஒரு பொருட்டே. 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் பதினாறாவது திருத்தத்தின் பின் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, தமிழில் அலுவல் நடத்தவும் அலுவலரிடமிருந்து தமிழிற் பதில் பெறவும் உரிமை தருகின்றது. ஒப்புகையும் ஒரு பதிலே. ஆங்கிலத்தில் மட்டும் ஒற்றை வரியாக வரும் செய்தி, அதனைப் படிக்க அயலாரைத் தேடிச் செல்பவர் அளவில் இவ்வுறுப்புரையை நிறைவேற்றியதாகாது. மொழியுரிமைக்காக மேடைதோறும் முழங்குவோர் வரிப்பத்திரத்தின் அடித்துண்டு வரை அக்கோரிக்கையைக் கொண்டுசென்றதில்லை. மேடையிலே அடித்துண்டுக்குக் கைதட்டுக் கிடைக்காது என்பது உண்மையே.

2017ஆம் ஆண்டின் சட்டம் 2021, 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளிலே திருத்தப்பட்டது. விகிதங்கள் ஏறின, விடுவிப்பு எல்லைகள் முதலில் இறங்கிப் பின்னர் உயர்ந்தன. 2024 ஜனவரி தொடக்கம் 18 வயது நிரம்பியோர் யாவரும் வரி இலக்கம் பெறவேண்டும் என்று ஆக்கப்பட்டதால், இவ்விதழைப் படிக்கும் மாணவருட் பெரும்பாலோரும் இன்று திணைக்களத்தின் பதிவுக்குரியோரே. அடுத்த திருத்தச் சட்டமூலம் வரும்போது ஓர் உட்பிரிவைச் சேர்த்தல் பெரிய காரியமன்று. விவரத்திரட்டு எவ்வழியால் வந்தாலும், அது கிடைத்த நாளிலிருந்து குறித்த சில வேலை நாட்களுக்குள், கிடைத்த திகதியும் பக்கங்களின் தொகையும் ஏற்ற அலுவலரின் பெயரும் கொண்ட ஒப்புகை, வரிசெலுத்துநரின் மொழியில் அவருடைய சொந்த முகவரிக்கு அனுப்பப்படல் வேண்டும். ஒப்புகை வழங்காதவிடத்து, தபாலிற் சேர்த்தமைக்கு நம்பத்தக்க சாட்சியம் எதுவாயினும் போதியதாகும். கிடைக்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஆணையாளர் நாயகத்தைச் சாரும். அது நிரூபிக்கப்படும்வரை தண்டமோ மேல் மதிப்பீடோ விதிக்கப்படலாகாது. சட்டபீட மாணவர் இதனை இதைவிடச் செப்பமாக எழுதக்கூடும். விகிதத்துக்காக 2023இல் வீதிக்கு வந்த ஆசிரியர் சங்கங்கள், தம் அடுத்த மகஜரில் இதற்கு ஒரு பந்தியை ஒதுக்குமாறு கேட்கப்படல் வேண்டும்; சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவந்தபின் கேட்பது காலந்தாழ்ந்ததாகிவிடும்.